இரண்டே பேர்

இரண்டு பேர் என்று சொல்லிவிட்டேன். ஆளு எத்தனைங்க தம்பி என்று வீட்டுக்காரம்மா கேட்டார். நானும் சம்சாரமும்தானுங்க, பெண்ணை ஈரோட்டில் கட்டிக்கொடுத்துவிட்டோம், இரண்டே பேர் என்றேன். இரண்டு என்று நிறுத்தியிருக்கலாம். அந்த அழுத்தத்தை அவர் கவனித்தாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. வாடகைக்கு விடுகிறவர்களின் முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை, கேட்டு வருகிறவன் முகத்தில்தான் எல்லாம் தெரிந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை, வீட்டைப் பார்த்து முடிப்பதற்குள் ராகு காலம் தொடங்கிவிட்டது. உள்ளே நல்ல நேரத்தில்தான் வந்தீர்கள், அதனால் எழுந்து போய்விட்டுத் திரும்ப வர வேண்டாம், இங்கேயே உட்கார்ந்திருங்கள், பன்னிரண்டு தாண்டியதும் சாவி தருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மாடிக்குப் போய்விட்டார். புரோக்கர் ஜாபர் டீ குடிக்கக் கிளம்பினான். போகும்போது என் காதருகே குனிந்து, "எனக்கு ராகுவும் கெடையாது கேதுவும் கெடையாதுண்ணா. ஆனா இந்தத் தொழிலுக்கு வந்து ஏழு நாளு ராகு காலத்தையும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன், எங்கத்தாவுக்குத் தெரிஞ்சா அடிப்பாரு" என்றான். சிரித்தேன். இரண்டு என்று சொன்ன அதே வாயால் சிரித்தேன். இப்போது காலி வீட்டின் நடுவில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். புது டிஸ்டம்பர் வாசனை தொண்டையில் ஒட்டுகிறது. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாசனையும் இருக்கிறது, நெய் கருகியது போல. சாவி கைக்கு வர வேண்டும். அது வந்துவிட்டால் மாசக் கடைசிக்குள் அண்ணனை இங்கே கொண்டுவந்து போட்டுவிடலாம். போட்டுவிடலாம் என்கிறேன். மூட்டையைச் சொல்வது போல.

அண்ணன்தான் மூன்றாவது ஆள். நாச்சிமுத்து. கல்யாணம் செய்துகொள்ளாமல், டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, சீட்டாடி, எல்லோரையும் கேலி செய்து, அறுபத்தாறு வயதில் வயிற்றில் கட்டியோடு என் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறவர். இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். எந்த வீட்டுக்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் அந்த இளவயது டாக்டர் என்ன செய்வார், பாவம். இப்போது குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர் நல்ல மனிதர், அவர் சம்சாரம் அண்ணனுக்கென்று மிளகு குறைத்து ரசம் வைத்து அனுப்புகிறவர். அந்த ரசக் கிண்ணத்தைக் கொடுத்துக்கொண்டேதான் வீட்டுக்காரர் சொன்னார். ஆவணியில் பையனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், ஒரே காம்பவுண்டு, பந்தல் போட்ட வாசலில் உங்க அண்ணனுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள், மாசக் கடைசி வரைக்கும் பாருங்கள் என்றார். நியாயம்தானே என்று நான்தான் சொன்னேன். கிண்ணம் சூடாக இருந்தது. நியாயம்தான். பந்தக்கால் நட்ட வாசல் வழியாகப் பாடை போகக் கூடாது என்பதில் என்ன அநியாயம். என் பெண்ணின் கல்யாணத்தில் பக்கத்துப் போர்ஷனில் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்திருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன். இதைத்தான் நினைத்திருப்பேன், ரசம்கூடக் கொடுத்திருக்க மாட்டேன். அதனால்தான் கோபப்பட முடியவில்லை. கோபப்பட முடிந்திருந்தால் எவ்வளவோ சுத்தமாக இருந்திருக்கும். வருவது குமட்டல் மட்டும்தான். காலையில் அண்ணனின் ரப்பர் ஷீட்டைக் கழுவும்போது வருகிற குமட்டல் அல்ல, அது கையைக் கழுவினால் போய்விடுகிறது.

ஊர் முழுக்க வீடு காலியாகக் கிடக்கிறது, அதுதான் தாங்க முடியவில்லை. வெளிநாட்டு பனியன் ஆர்டர் நின்றதிலிருந்து வடக்கத்திப் பையன்கள் ரயிலேறிப் போய்விட்டார்கள், தென் மாவட்டத்துக் குடும்பங்கள் பாதி ஊர் திரும்பிவிட்டன. தெருவுக்குத் தெரு கேட்டில் டூலெட் அட்டை தொங்குகிறது. வெயிலில் எழுத்து வெளுத்து, மழையில் ஊறி, மறுபடி எழுதி மாட்டியிருக்கிறார்கள். என் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை, சம்பளம் பாதி. சரி, வாடகையும் பாதியாகியிருக்கும் என்று சின்னப்பிள்ளை மாதிரி நினைத்தேன். பூட்டிக் கிடந்தாலும் கிடக்குமே தவிரக் குறைக்க மாட்டார்கள், ஒருவனுக்குக் குறைத்தால் நாளைக்கு மற்றப் போர்ஷன்காரர்களும் கேட்பார்கள் என்று ஜாபர் விளக்கினான். ஊருக்கு வெளியே அரசாங்கம் கட்டிய அடுக்குமாடியையும் போய்ப் பார்த்தேன். பயனாளி பங்கு என்று ஒரு தொகையை முன்னால் கட்ட வேண்டும், என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் மனு போட்டு, குலுக்கல் நடந்து, எண் வந்து, சாவி வருவதற்குள் அண்ணனுக்கு வீடு தேவைப்படாது. அதன்பிறகு ஜாபரோடு ஏறி இறங்கிய வாசல்கள். எல்லா வாசலிலும் ஒரே வரிசையில் கேள்விகள். என்ன வேலை, எந்த ஊர், நீங்க என்ன ஆளுங்க, கறி மீன் உண்டா, வீட்டில் வயசானவங்க இருக்காங்களா. வயசானவங்க என்று கேட்பதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். முதலில் உண்மையைத்தான் சொன்னேன். ஒரு வாசலில் கதர்ச் சட்டை போட்ட பெரியவர், அப்படிங்களா என்று உச்சுக்கொட்டி, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அவருக்கு எப்ப ஆகும்னு டாக்டர் சொல்றாருங்க என்றார். சரக்கு எப்போது கப்பல் ஏறும் என்று ஆர்டர் கொடுத்த பையர் கேட்பானே, அந்தக் குரல். தெரியவில்லைங்க என்று நானும் டெலிவரி தள்ளிப்போன சூப்பர்வைசர் மாதிரி தலையைக் குனிந்தேன். வெளியே வந்தும் அந்தத் தண்ணீர் வயிற்றில் குளிர்ந்துகொண்டே இருந்தது. அப்புறம்தான் ஜாபர் சொன்னான், இனிமேல் அண்ணனைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள் என்று. முதலில் குடி போய்விட வேண்டும். ஒரு வாரம் கழித்து, இருட்டினதும் ஆட்டோவில், சட்டை போட்டு, தலை சீவி, முகத்துக்கு மாஸ்க் மாட்டி, நடுவில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வர வேண்டியது. யாராவது கேட்டால் ஊரிலிருந்து பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். பார்த்துவிட்டுப் போக வந்தவருக்கு இங்கே வைத்து உயிர் போய்விட்டால் யார் என்ன செய்ய முடியும். நல்ல யோசனை என்று நான் சொன்னேன். சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா.

இப்போது அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆட்டோ குலுங்குகிறது, அண்ணனின் தலை என் தோளில் சரிகிறது, மேலே மாடியில் விளக்கு எரிகிறது. அண்ணே, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க, ஆரோக்கியமா இருக்கிற மாதிரி. அவர் செய்வார், அதுதான் பயம். தமாஷ் என்று நினைத்துச் செய்வார். சற்று முன் என் சம்சாரம் வசந்தாமணி போன் செய்தாள், என்ன ஆயிற்று என்று. சாவிக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். பின்னால் அண்ணனின் குரல் கேட்டது, அதை இங்க கொடு என்று. போனை அவர் காதில் வைத்திருக்கிறாள் என்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. "ஏன்டா தம்பி, எனக்கு வூடு கெடைக்குமா, இல்ல நேரா மயானத்துக்கே டிக்கெட் போட்டறலாமா? அங்க அட்வான்ஸ் கேக்க மாட்டாங்கடா" என்றார். பேசாமப் படுங்கண்ணா என்றேன். "படுத்துட்டுத்தான்டா பேசறேன், நின்னுட்டா பேசறேன்" என்றார். பிறகு இருமல். போன் எங்கோ இடித்துக் கட் ஆனது. ஒரு கணம், அந்த ஒரு கணம்தான், இந்த இருமலோடு போய்விட்டால் என்று தோன்றியது. இன்றைக்கே போய்விட்டால் அந்த வீட்டிலேயே முடிந்துவிடும், ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது, தீட்டுக் கழிந்துவிடும், அவர்கள் பந்தல் போட்டுக்கொள்ளலாம், நாங்களும் அங்கேயே இருக்கலாம். எவ்வளவு சுலபமாக மனம் கணக்கைப் போட்டுக் காட்டுகிறது. அண்ணன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, வீடு மாற வேண்டாமே என்றுதான் நினைத்தேன். அப்படிச் சொல்லிக்கொள்கிறேன். ஒன்றைச் சொன்னால் மற்றது அதற்குள் இருக்கிறது. இதுவரை வீட்டு வாசல்களில் நான் பார்த்த முகங்களைவிட இப்போது என் முகம் அசிங்கமாக இருக்கும். நல்லவேளை, காலி வீட்டில் கண்ணாடி இல்லை.

கால் மரத்துப் போகிறது. நீட்டினேன். தரையில் வெள்ளையாக நான்கு தேய்மானங்கள், கொஞ்சம் தள்ளி இன்னொரு நான்கு. தையல் மெஷின் பொருத்திய பவர் டேபிள் போட்டிருந்த இடம், இந்த ஊரில் யாருக்கும் தெரியும், மெஷின் அதிர்ந்து அதிர்ந்து சிமெண்டைத் தின்றிருக்கிறது. முன்பு இருந்தவர் வீட்டிலேயே மெஷின் போட்டு கூலிக்கு ஜாப் ஒர்க் தைத்திருக்கிறார். சுவரோரம் விரலை ஓட்டினேன், பஞ்சுத் தூசி திரண்டு வந்தது. எவ்வளவு பெருக்கினாலும் பனியன் பஞ்சு போகாது, டிஸ்டம்பருக்குள்ளும் ஒட்டிக்கொண்டு சுவர் அங்கங்கே மயிர்க்கூச்செறிந்தது போல் நிற்கிறது. நல்ல வீடுதான். ஒரு ஹால், ஒரு சமையலறை, கக்கூஸ் உள்ளேயே இருக்கிறது, அண்ணனுக்கு அதுதான் முக்கியம், எனக்கும் வசந்தாமணிக்கும் அதுதான் முக்கியம். ஜன்னல் கிழக்கே. வாடகை மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்று ஜாபரிடம் கேட்டபோது, தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும்ணா, அதனாலதான் என்றான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிற வீட்டை இந்த ஊரில் யாராவது குறைத்துக் கொடுப்பார்களா. புழுக்கமாக இருந்தது, சுவிட்சைப் போட்டேன். சுவரில் மாட்டியிருந்த சின்ன ஃபேன் தலையைத் திருப்பித் திருப்பிச் சுற்றியது. ஹாலுக்கு எதற்குச் சுவர் ஃபேன். அண்ணாந்து பார்த்தேன். கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புதுச் சிமெண்ட் பூச்சு. மற்ற இடமெல்லாம் வெள்ளையடித்தது காய்ந்துவிட்டது, அந்த வட்டம் மட்டும் சாம்பல் நிறம் தெரிகிறது. கொக்கியை அறுத்து எடுத்திருக்கிறார்கள். ஃபேன் மாட்டுகிற கொக்கியை எதற்காக ஒருவர் அறுத்து எடுப்பார். அதைச் சுற்றிக் கூரையில் மெல்லியதாகக் கரி. நெய் வாசனை. ஹோமம் வளர்த்திருக்கிறார்கள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கம்பெனி வாசல் டீக்கடையில் யாரோ சொன்னார்கள், அம்மன் கோயிலுக்குப் பின் தெருவில் பவர் டேபிள்காரர் ஒருவர் தொங்கிவிட்டார் என்று. தைத்த சரக்கை வாங்கிக்கொள்ள ஆள் இல்லையாம். வடை தின்றுகொண்டே கேட்டேன், பெயரைக்கூடக் கேட்கவில்லை, அந்த வாரத்தில் அது இரண்டாவதோ மூன்றாவதோ. அம்மன் கோயில் இதோ ஜன்னலில் தெரிகிறது. இங்கேதான். நான் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நேர் மேலே. எழுந்து ஓடியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் நின்றிருப்பார்கள். இதனால்தான் வாடகை குறைவு, இதனால்தான் பூட்டிக் கிடந்தது, இதனால்தான் அந்த அம்மா அதிகம் கேட்கவில்லை. ஆனால் எனக்கு வந்தது பயம் அல்ல. சந்தோஷம். உடம்பெல்லாம் இளகியது, நாள் முழுக்கப் பிடித்துவைத்த சிறுநீர் கழிகிறபோது வருமே, அப்படி ஒரு இளக்கம். இங்கே ஏற்கனவே ஒரு சாவு நடந்துவிட்டது. இந்த வீட்டில் யாரும் சாகக் கூடாது என்று சொல்ல இனி இந்த அம்மாவுக்கு வாயில்லை. அண்ணன் இங்கே சாகலாம். ஆட்டோ வேண்டாம், மாஸ்க் வேண்டாம், பட்டப்பகலில் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வரலாம். ஒரு மனிதன் ஸ்டூலில் ஏறி நின்று எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இதை நினைத்த மாத்திரத்தில் வாயெல்லாம் உப்புக் கரித்தது. அவனுக்கும் சம்சாரம் இருந்திருப்பாள். இப்போது எந்த வாசலில் நின்று, ஆளு எத்தனை என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ. ஒரு ஆளைக் குறைத்துச் சொல்வாள். அவள் சொல்வது உண்மையாக இருக்கும். நான் ஏன் இன்னும் எழுந்திருக்கவில்லை. காலை மடக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி மட்டும் உட்கார்ந்தேன், அந்தப் பூச்சுக்கு நேர் கீழே இல்லாமல். வெட்கம் அவ்வளவுதான் இடம் மாறச் சொல்லியது, ஒரு முழம்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். பின்னாலேயே தெருவிலிருந்து ஜாபர், வாயைத் துடைத்துக்கொண்டு. அந்த அம்மாவின் கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் மஞ்சள், குங்குமம், ஒரு பொட்டலம் கல் உப்பு, சாவி. குளித்து, நெற்றியில் விபூதி பூசி வந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது. நான்கு போர்ஷனில் மூன்று காலி, அவருக்கும் இந்த வாடகைதான் சோறு, முந்தானை ஓரத்தில் தைத்த தையல் தெரிந்தது. வாங்கிக்குங்க தம்பி, பால் காய்ச்சறதை ஞாயித்துக்கிழமை வெச்சுக்குங்க என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, "ராசியான வீடுங்க இது. இதுல குடியிருந்தவங்கெல்லாம் சொந்தமா வூடு கட்டிட்டுத்தான் போனாங்க" என்றார்.

நான் அண்ணாந்து அந்தப் பூச்சைப் பார்த்தேன். வேண்டுமென்றே பார்த்தேன். அவரும் பார்த்தார். ஜாபர் போனைப் பார்த்தான். சுவர் ஃபேன் எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்துவிட்டுத் திரும்பியது. தட்டில் சாவி மெல்லச் சத்தம் போட்டது. இப்போதும் நான் பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கலாம், அவர் மறைத்தது அவருக்கு, நான் மறைத்தது எனக்கு. பேசினேன். உண்மை சொல்ல வேண்டும் என்பதற்காகவா, அல்லது இதைவிட நல்ல பேரம் இனி அமையாது என்பதற்காகவா, எனக்குத் தெரியாது.

"இன்னொருத்தரும் இருக்காருங்கக்கா. எங்கண்ணன். அவரு இங்கதான் சாவாரு. இந்த மாசமோ, வர்ற மாசமோ."

ஜாபர் தலையில் கைவைத்துக்கொண்டான். அந்த அம்மா என் முகத்தை, பிறகு கூரையை, பிறகு மறுபடி என் முகத்தைப் பார்த்தார். என்னவோ எண்ணினார். அந்தக் கண்ணில் ஓடியதை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

"படுக்கையிலதானுங்களே?" என்றார், மிகவும் மெதுவாக.

"படுக்கையிலதானுங்க."

அவருடைய தோள் இறங்கியது. நெடுநாள் சுமந்த குடத்தை இறக்கி வைத்தவர் போல மூச்சு விட்டார். "நோவுல போறது நல்ல சாவுதானுங்க தம்பி. எடுத்து, காரியம் முடிச்சு, வீட்டைக் கழுவி உட்டுட்டீங்கன்னா இந்த வூடும் தெளிஞ்சுரும். அப்புறம் ஆராச்சும் வந்து, இந்த வூட்ல ஒரு சாவு நடந்துதாமேன்னு கேட்டா, ஆமாங்க, பெரியவரு ஒருத்தரு படுக்கையில போனாருன்னு சொல்லிக்கலாம் பாருங்க. பொய்யுமில்ல." சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மூடிவிட்டார். அந்தக் கை சூடாக, ஈரமாக இருந்தது. பின் ஹாலின் நடுவுக்குப் போய் நின்று, சுவர் ஃபேனின் காற்று எதுவரை வருகிறது என்று முந்தானையைப் பிடித்துப் பார்த்தார். "கட்டிலை இந்த எடத்துல போடுங்க. காத்து நல்லா வரும்" என்றார். பூச்சுக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தார். தெரிந்துதான் நின்றார், மேலே பார்க்கவில்லை.

சரிங்க என்றேன். என் குரலில் இருந்த நிம்மதி எனக்கே கேட்டது, ஜாபருக்கும் கேட்டிருக்கும், அவன் சிரிக்கத் தொடங்கியிருந்தான். வாயில் எச்சில் புளித்துத் திரண்டு நின்றது. துப்ப வேண்டும் என்று வாசல் பக்கம் போனேன். வாசலைத் தெளித்துப் புதிதாகக் கோலம் போட்டிருந்தது, எங்களுக்காகப் போட்டது. உள்ளே திரும்பிப் பார்த்தேன், மெழுகியது போலச் சுத்தமான தரை. நாளைக்கு வசந்தாமணி பெருக்க வேண்டிய தரை. விழுங்கிக்கொண்டேன்.